தேய்ந்த எஞ்சினைப் புதுக்குவதா, மாற்றுவதா?

எங்கள் பூனாகலைப் பக்கத்தில், தோட்டப் பிரிவுகளிலிருந்து பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் சிறிய பெற்றோல் வேன் ஒன்று உண்டு. அதன் சொந்தக்காரர் ஒரு காலத்தில் என்னிடம் படித்த மாணவர். கொழுந்து பறித்த தாயின் சேமிப்பையும், மனைவியின் நகையை அடகு வைத்துப் பெற்ற பணத்தையும் சேர்த்து வாங்கிய வண்டி அது. சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"சேர், எஞ்சின் முடிந்துவிட்டது என்று கராஜில் சொல்கிறார்கள். இறக்கிச் செய்வதா, வேறு எஞ்சின் வாங்கிப் போடுவதா? நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார்.

நான் வரலாறும் தமிழும் படித்துப் பட்டம் பெற்றவன். பொறியியல் அறிந்தவன் அல்லன். எனினும் அவர் என்னைத் தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு நான் அவசரப்பட்டு விடை கண்டேன். அந்த அவசரத்துக்கு உரிய விலையையும் கொடுத்தேன். இது எங்கள் ஊர் அறிந்த செய்தி. அந்தக் கதையை முதலிற் சொல்லிவிடுகிறேன். இன்று நான் சொல்ல இருப்பவற்றுட் பெரும்பகுதி அதிலிருந்து கற்றதே.

அந்நாளில் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. பூனாகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதையில் கீழே சென்று, அடிவாரத்தில் மீண்டும் எக்ஸிலேற்றரை மிதித்தால், பின்னால் நீலப் புகை ஒரு மூட்டமாக எழும். அதைக் கண்ட ஒரு மெக்கானிக், "ரிங் போய்விட்டது, எஞ்சின் சரிவராது" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னார். நானும் நம்பினேன். கடன் எடுத்துக் கொழும்பிலிருந்து பழைய எஞ்சின் ஒன்றைத் தருவித்துப் பூட்டினேன். என் பழைய எஞ்சினைக் கூலியில் ஒரு பகுதியாகக் கராஜிலேயே விட்டுவிட்டேன். வந்த எஞ்சின் எட்டு மாதம் இனிமையாக ஓடியது. ஒன்பதாம் மாதம் அடியிலிருந்து தட்டும் ஓசை கேட்டது. திறந்து பார்த்தபோது பேரிங்குகள் செம்பு தெரியும்வரை தேய்ந்திருந்தன. அதைவிட வேதனை தந்தது பின்னர் அறிந்த செய்தி. என் பழைய எஞ்சினில் வால்வு சீல்கள் மாத்திரமே கெட்டிருந்தனவாம். அவற்றை மாற்றிய பின் அது வேறொருவரின் காரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. என் கடனோ இன்னும் மூன்று ஆண்டுகள் ஓடியது.

ஆகவே என் மாணவருக்கு நான் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "தம்பி, திருத்துவதா மாற்றுவதா என்பது இரண்டாவது கேள்வி. எது தேய்ந்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதே முதலாவது கேள்வி. அதற்கு விடை கிடைக்கும்வரை ஒரு சதமும் செலவிடாதே."

எஞ்சினின் உள்ளே நடப்பது என்ன? சிலிண்டர் என்னும் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பிஸ்டனைச் சுற்றிப் பொதுவாக மூன்று ரிங்குகள் இருக்கும். மேலிரண்டும் எரியும் வாயு கீழே கசியாமல் தடுக்கின்றன. மூன்றாவது, சுவரிற் படிந்த எண்ணெயை வழித்துக் கீழே இறக்குகிறது. சிலிண்டருக்கு மேலே, தலைப்பகுதியில், காற்றையும் பெற்றோலையும் உள்ளே விடவும் புகையை வெளியே விடவும் வால்வுகள் உள்ளன. கீழே, பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டு, பேரிங்குகளின் நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்து சுழல்கிறது.

ஆக, தேய்வு நேரும் இடங்கள் மூன்று. மேலே வால்வும் அதன் சீலும். நடுவே ரிங்கும் சிலிண்டர்ச் சுவரும். கீழே பேரிங்கும் கிராங்க் தண்டும். மேற்பகுதியின் தேய்வு, எஞ்சினை வண்டியிலிருந்து இறக்காமலே பெரும்பாலும் தீர்க்கக்கூடியது. நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் தேய்ந்தால் எஞ்சினை இறக்கியே ஆகவேண்டும். லயத்தின் தகரக் கூரை ஒழுகுகிறது என்பதற்காக எவரும் அத்திவாரத்தைத் தோண்டுவதில்லை. நான் செய்தது அதுவே.

தேய்வின் அளவு மிகச் சிறியது. மனிதத் தலைமயிர் ஒன்றின் பருமன் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஏழெட்டுப் பங்கு. அத்தகைய இரண்டு மயிர்ப் பருமனுக்குச் சிலிண்டர்ச் சுவர் தேய்ந்தாலே, பல கார் எஞ்சின்கள் தம் கைநூல் விதித்த எல்லையை எட்டிவிடும். அந்தத் தேய்வும் சுவர் முழுவதும் சமமாக நேர்வதில்லை. வெப்பமும் அழுத்தமும் மிகுந்து எண்ணெய் குறைந்த மேற்பகுதியிலேயே அது அதிகம். வட்டமாக இருந்த துளை நாளடைவில் முட்டை வடிவாகிறது. புதிய ரிங்கை மாத்திரம் வாங்கி அந்த முட்டைத் துளைக்குள் இட்டால் அது எவ்வாறு பொருந்தும்? அன்றியும், ரிங் எட்டாத மேல்விளிம்பில் தேயாத ஒரு மேடு எஞ்சி நிற்கும். புதிய ரிங் அதில் மோதி உடைவதும் உண்டு. "ரிங் போட்டுத் தருகிறேன், மலிவாக முடித்துவிடலாம்" என்று சொல்பவரிடம், "சிலிண்டரை அளந்தீர்களா?" என்று கேட்க வேண்டியது இதனாலேயே.

மலைநாட்டு வண்டிகளுக்குச் சில தனிக் கேடுகளும் உண்டு. ஏற்றங்களில் முதலாம், இரண்டாம் கியரிலேயே நெடுநேரம் ஏறுகிறோம். கீழ்நாட்டுச் சமவெளியில் ஒரு கிலோமீற்றர் ஓடும் எஞ்சினைவிட, அதே கிலோமீற்றருக்கு எங்கள் எஞ்சின் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகச் சுழல்கிறது. தூரம் காட்டும் மீற்றர் இதை அறியாது. அதிகாலைக் குளிரில் எஞ்சினை இயக்கும்போது, எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிவிடுகிறது. எஞ்சின் சூடேறுமுன் பயணம் முடிந்துவிட்டால் இந்தக் கேடு நாள்தோறும் நேர்கிறது. தோட்டப் பாதைகளின் தூசு, கிழிந்த காற்று வடிகட்டி வழியாக உள்ளே புகுந்தால் அரத்தாள் போல் வேலை செய்யும். இன்னும் ஒன்று: கடல்மட்டத்தில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், நாலாயிரம் அடி உயரமான பண்டாரவளையில் ஏறக்குறைய 96 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றரின் மூடி அழுத்தத்தைத் தாங்காவிட்டால், ஏற்றத்தில் தண்ணீர் பொங்கி எஞ்சின் காய்ந்துபோவதற்கு அதிக நேரம் வேண்டியதில்லை.

இனி, நோயை அறியும் முறைக்கு வருவோம். வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் எஞ்சினுக்கும் சில குறிகள் உண்டு. அவற்றுள் முதலாவது புகை. கறுப்புப் புகை, பெற்றோல் மிகுதியாகச் செல்வதைக் காட்டும். அது தேய்வின் குறியன்று. காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெள்ளை ஆவி குளிரின் விளைவு. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை தொடர்ந்து, ரேடியேற்றர் நீரும் குறைந்துகொண்டே போனால், தலைப்பகுதியின் கஸ்கெட் கெட்டிருக்கலாம். நீலப் புகை, எண்ணெய் எரிகிறது என்பதன் அடையாளம்.

ஆனால் நீலப் புகை எப்போது எழுகிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கும்போது இடைவிடாது புகைந்தால், ரிங்கையும் சிலிண்டரையும் ஐயுற வேண்டும். நீண்ட இறக்கத்தில் எக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்துக் கியரிலேயே இறங்கி, கீழே மீண்டும் மிதித்தவுடன் ஒரு மூட்டம் எழுந்து பின் மறைந்தால், பெரும்பாலும் வால்வு சீல்களே காரணம். இறக்கத்தில் எஞ்சினின் உட்குழாயில் வெற்றிடம் மிகுகிறது. அது தேய்ந்த சீல்களின் வழியே எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கொஸ்லந்தைப் பாதை பத்து ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சொன்ன செய்தி இதுதான். அதைப் படிக்க எனக்குத் தெரியவில்லை.

குறிகள் ஐயத்தை எழுப்பும். முடிவைத் தருவது அளவை. எல்லா நல்ல கராஜ்களிலும் கொம்பிரஷன் மீற்றர் என்னும் சிறு கருவி உண்டு. எஞ்சினைச் சூடாக்கி, பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, பெற்றோலும் தீப்பொறியும் வராதபடி துண்டித்து, எக்ஸிலேற்றரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சில சுற்றுகள் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்பதை மீற்றர் காட்டும். பின் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு சிறு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு நன்றாக உயர்ந்தால், எண்ணெய் ரிங்கின் இடைவெளியை அடைத்துவிட்டது என்பது பொருள். ஆகவே கேடு ரிங்கிலும் சுவரிலும் இருக்கிறது. உயராவிட்டால் கேடு வால்விலோ கஸ்கெட்டிலோ இருக்கிறது. இதற்குச் செலவு சிறிது. நேரம் ஒரு மணி.

இங்கே மலைநாட்டார் கருத்திற்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கைநூல்களிலுள்ள எண்கள் கடல்மட்டத்துக்கு உரியவை. உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகிறது. பண்டாரவளையின் உயரத்தில் காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு குறைவு. கொழும்பில் சதுர அங்குலத்துக்கு 180 இறாத்தல் காட்டும் ஆரோக்கியமான எஞ்சின், இங்கே 155 இறாத்தலே காட்டும். அது நோயன்று, மலையின் இயல்பு. ஆகவே இங்கே ஒரு சிலிண்டரை மற்றொன்றோடு ஒப்பிடுவதே மேலான வழி. மிகக் குறைந்த சிலிண்டர், மிகக் கூடியதன் முக்காற் பங்குக்குக் கீழே போகக்கூடாது என்பது மெக்கானிக்குகளிடையே வழங்கும் எளிய விதி.

என் மாணவரின் வேன் மூன்று சிலிண்டர் வண்டி. கைநூல் 180 என்றது. கராஜில் முதலில் அளந்தபோது மூன்றும் அதற்குக் கீழே இருந்ததால், "மூன்றும் போய்விட்டன" என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அறிந்த வேறொரு பாஸைக் கொண்டு மீண்டும் அளப்பித்தோம். முதலிரண்டும் 152, 148; மூன்றாவது 95. எண்ணெய் விட்டதும் மூன்றாவது 130 வரை உயர்ந்தது. ஆகவே இரண்டு சிலிண்டர்கள் நலமாயிருந்தன. ஒன்றில் மாத்திரம் ரிங்கோ சுவரோ கெட்டிருந்தது. சூடான நிலையில் எண்ணெய் அழுத்தமும் கைநூல் எல்லைக்குள் இருந்தது. அடியில் தட்டும் ஓசையும் இல்லை. எஞ்சினை இறக்க வேண்டும் என்பது உறுதியாயிற்று. அதை எறிந்துவிட வேண்டும் என்பது உறுதியாகவில்லை.

இப்போதுதான் இரண்டாவது கேள்விக்கு இடம் வருகிறது. புதுக்குவதா, மாற்றுவதா?

முழுமையாகப் புதுக்குவது என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக அறிதல் வேண்டும். எஞ்சினை முழுவதும் பிரித்து, சிலிண்டர்களை லேத் பட்டறையிற் கொடுத்துச் சிறிது அகலமாகக் கடைந்து, மீண்டும் சரியான வட்டமாக்க வேண்டும். பொதுவாக அரை மில்லிமீற்றர் அகலப்படுத்துவர். அதற்கேற்ற பெரிய பிஸ்டனும் ரிங்கும் இடப்படும். கிராங்க் தண்டு தேய்ந்திருந்தால் அதைக் கால் மில்லிமீற்றர் கடைந்து, அதற்கேற்ற தடித்த பேரிங் போடப்படும். தலைப்பகுதியின் முகம் சமமாக்கப்படும். வால்வுகள் இருக்கையோடு பொருந்துமாறு அரைக்கப்படும். எண்ணெய்ப் பம்பு, கஸ்கெட்டுகள், சீல்கள் எல்லாம் மாற்றப்படும். இவற்றுட் பாதியைச் செய்துவிட்டு "எஞ்சின் செய்தாயிற்று" என்று சொல்லும் வழக்கமும் உண்டு. ஆகவே எவை எவை செய்யப்படும் என்பதைத் தாளில் எழுதி வாங்க வேண்டும்.

எல்லா எஞ்சினையும் இவ்வாறு புதுக்க முடியுமா? முடியாது. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார்கள் நம் நாட்டு வீதிகளில் இன்றும் ஓடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அவற்றின் எஞ்சின் கனத்த வார்ப்பிரும்பாலானது, பலமுறை கடையலாம், கடைய இடமில்லாதபோது புதிய உறை ஒன்றை உள்ளே செலுத்தி மீண்டும் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். பிற்காலத்து எஞ்சின்கள் பல அலுமினியத்தாலானவை. அவற்றின் சிலிண்டர் உறை மெல்லியது. சிலவற்றுக்குச் செய்தவர்களே பெரிய பிஸ்டன்களை விற்பதில்லை. அவை தேயும் அளவுக்குத் தேய்ந்தால், கூடாகவோ முழுமையாகவோ மாற்றுவதே வழி. பிளொக்கில் வெடிப்பு விழுந்திருந்தாலும், எண்ணெயின்றி ஓடிக் கிராங்க் தண்டு கடைய முடியாத அளவுக்குக் கெட்டிருந்தாலும், மாற்றுவதே அறிவு. எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் காருக்கு இதுவே நேர்ந்தது. அவர் வேறு எஞ்சின் போட்டார். அவர் முடிவு சரியானதே.

மாற்றும் எஞ்சின் எங்கிருந்து வருகிறது? கொழும்பில் மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற பஞ்சிகாவத்தையிலும் பிற ஊர்க் கடைகளிலும் வரிசையாக அடுக்கியிருக்கும் எஞ்சின்களிற் பெரும்பாலானவை யப்பானிலிருந்து வருபவை. யப்பானில் புதிய கார் ஒன்று மூன்று ஆண்டுகளில் முதற் கட்டாயப் பரிசோதனைக்கும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் உட்பட வேண்டும். அதற்கு ஆகும் செலவினால் பலர் நல்ல நிலையிலுள்ள காரையே கழித்துவிடுகின்றனர். ஆகவே நல்ல எஞ்சின்கள் வருகின்றன என்பது உண்மை. ஆயினும் ஒரு சொல் நம்மை மயக்குகிறது. "ரீகண்டிஷன்" என்றால் புதுக்கப்பட்டது என்று பொருள். நம் நாட்டுப் பேச்சிலோ, யப்பானில் ஓடிய பழைய பொருள் என்ற அளவிலேயே அச்சொல் வழங்குகிறது. அந்த எஞ்சினை யாரும் திறந்து பார்த்ததில்லை. அது எத்தனை முறை சூடேறியது, எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதை அதை விற்பவரும் அறியார்.

வாங்க நேர்ந்தால் சிலவற்றைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே கறுத்த களிம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நீர் செல்லும் துளைகளில் துரு மிகுந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். கொம்பிரஷனை உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் இறக்குமதிப் பத்திரத்தையும் ஒப்பிடுங்கள். உத்தரவாதத்தை எழுத்திற் பெறுங்கள். பூட்டிய பின் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிவுசெய்ய வேண்டும். பதிவுப் பத்திரத்தில் ஓர் இலக்கமும் வண்டியில் வேறோர் இலக்கமும் இருந்தால், விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் வீண் தொல்லை வந்துசேரும்.

செலவுக் கணக்கையும் சரியாகப் போட வேண்டும். விளங்குவதற்காக எண்களை நானே வைக்கிறேன்; இவை சந்தை விலை அல்ல. புதுக்குவதற்கு 3 இலட்சம் ரூபாவும் பழைய எஞ்சினுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாவும் ஆகும் என்று கொள்வோம். புதுக்கிய எஞ்சின் எட்டு ஆண்டுகள் ஓடினால் ஆண்டொன்றுக்கு 37,500 ரூபா. வாங்கிய எஞ்சினும் எட்டு ஆண்டுகள் ஓடினால் ஆண்டுக்கு 30,000 ரூபாவே; அது இலாபம். அது மூன்று ஆண்டுகளில் ஓய்ந்தாலோ ஆண்டுக்கு 80,000 ரூபா. ஆகவே மலிவா அல்லவா என்பதை இன்று கொடுக்கும் விலை தீர்மானிப்பதில்லை. நாம் அறியாத ஆயுளே தீர்மானிக்கிறது. புதுக்கும்போது அந்த ஆயுளைப் பற்றி நமக்கு ஓரளவு தெரியும். ஒவ்வொரு பாகத்தையும் கண்ணாற் கண்டிருக்கிறோம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: லேத்காரரும் பூட்டுபவரும் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். கைநேர்த்தி இல்லாதவரிடம் புதுக்குவதைவிட, சோதித்து வாங்கிய பழைய எஞ்சின் மேல்.

மூன்றாவது வழியொன்றும் உண்டு: இரண்டும் செய்யாமல் வண்டியை விற்றுவிடுவது. வண்டியின் அடிச்சட்டம் துருப்பிடித்து, கியர்ப்பெட்டியும் ஓய்ந்திருந்தால், எஞ்சினுக்குச் செலவிடுவது உளுத்த கதவுக்குப் புதுப் பூட்டுப் போடுவதை ஒக்கும். ஆனால் நம் நாட்டில் இந்த வழி பல காலங்களில் அடைபட்டே இருந்திருக்கிறது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாயிருந்தன. நம் பட்டறைக்காரரின் கைத்திறன் அந்நாளில் வளர்ந்தது. பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியது. ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அவையும் கனத்த வரியோடு வந்தன. இந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டியை ஓடவைத்தவர்கள் அதை ஆசைக்காகச் செய்யவில்லை. வேறு வழி இல்லாமையாற் செய்தார்கள்.

இத்தனையும் பணத்தைப் பற்றிய பேச்சு. பிள்ளைகளை ஏற்றும் வண்டிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இறக்கத்தில் எஞ்சின் திடீரென்று இறுகி நின்றால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிட விசை ஓரிரு மிதிப்புகளோடு தீர்ந்துவிடும். பிறகு மிதி கல்லைப்போல் இறுகும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமான எங்கள் வளைவுகளில் இதன் பொருள் என்ன என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே என் மாணவரிடம் கண்டிப்பாக ஒன்று சொன்னேன்: "முடிவு எதுவாயினும், அது நிறைவேறும்வரை பிள்ளைகளை ஏற்றாதே." அவர் முகம் வாடியது. ஒரு நாள் ஓடாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. மாதக் கடன் தவணையோ நிற்காது. எனினும் அவர் உடன்பட்டார். பெற்றோர் சிலர் முன்வந்து அடுத்த மாதக் கட்டணத்தை முற்பணமாகக் கொடுத்தனர். பாடசாலை விடுமுறைக்கு ஒரு வாரமே இருந்தது. அந்த ஒரு வாரம் பிள்ளைகள் பஸ்ஸிலும் நடந்தும் வந்தார்கள்.

எஞ்சினைத் திறந்தபோது மூன்றாம் சிலிண்டரில் ஒரு ரிங் உடைந்து சுவரைக் கீறியிருந்தது. பிளொக் வார்ப்பிரும்பு, வெடிப்பு இல்லை, முன்பு கடையப்பட்டதும் இல்லை. பெரிய பிஸ்டன்கள் கிடைத்தன. பண்டாரவளையில் நாங்கள் அறிந்த லேத்காரர் இருந்தார். வண்டியின் உடலும் உறுதியாயிருந்தது. இவை எல்லாம் ஒருங்கே அமைந்ததனால் புதுக்குவது என்று தீர்மானித்தோம். இவற்றுள் ஒன்று மாறியிருந்தாலும் முடிவு வேறாக இருந்திருக்கக்கூடும்.

புதுக்கிய எஞ்சினுக்குப் பத்தியமும் உண்டு. புதிய ரிங்கும் புதிதாகக் கடைந்த சுவரும் ஒன்றோடொன்று பழகும் காலம் முதல் ஆயிரம் கிலோமீற்றர். அதற்குள் பெரும் பாரம் ஏற்றுதல் ஆகாது. ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டுதலும் ஆகாது. மிக மெதுவாக ஊர்ந்துகொண்டே இருப்பதும் நல்லதன்று. ரிங் சுவரில் பதிய மிதமான இழுவை வேண்டும். முதல் எண்ணெயில் உலோகத் துகள்கள் கலந்திருக்கும். ஆகவே அதை விரைவில் மாற்ற வேண்டும். என் மாணவர் விடுமுறை நாட்களில் வெறும் வண்டியையே பண்டாரவளைக்கும் பூனாகலைக்குமாக ஓட்டினார். பெற்றோல் வீணாகிறதே என்று கேலி செய்தவர்களும் உண்டு. அவர் பொருட்படுத்தவில்லை.

தவணை தொடங்கிய நாள் காலையில் அந்த வேன் பாடசாலை வாயிலுக்கு வந்தபோது, என் கண் முதலிற் சென்றது பின்னாலுள்ள புகைக்குழாய்க்குத்தான். குளிரின் வெள்ளை ஆவி சிறிது தெரிந்தது, பின் மறைந்தது. அவர் இறங்கி வந்து ஒரு சிறு கொப்பியை என்னிடம் நீட்டினார். எண்ணெய் மாற்றிய திகதி, அப்போதைய கிலோமீற்றர், மூன்று சிலிண்டர்களின் அளவு ஆகியவற்றை அழகாகக் குறித்திருந்தார். "அடுத்த முறை புகை வந்தால் ஊகிக்க வேண்டியதில்லை, சேர், ஒப்பிட்டுப் பார்க்கலாம்" என்றார்.

நேயர்களே, உங்கள் வண்டிக்கும் அப்படியொரு கொப்பி இருக்கட்டும். எஞ்சின் நன்றாக ஓடும் காலத்திலேயே ஒருமுறை அளந்து எழுதி வையுங்கள். புதுக்குவதா மாற்றுவதா என்ற கேள்வி ஒருநாள் உங்கள் வாசலுக்கும் வரும். அந்த நாளில் மற்றவரின் ஒரு வார்த்தைத் தீர்ப்பை நம்பிக் கடன் எடுக்காமல், உங்கள் கையிலுள்ள எண்களைக் கொண்டே நீங்கள் முடிவு செய்யலாம்.